பிள்ளை பெற்றவளுக்கு மனச்சோர்வு: தாய்வீட்டு ஓய்வா, கவுன்சலிங்கா, மாத்திரையா, தாய்-சேய்ப் பயிற்சியா?

பிரசவம் முடிந்து ஏழெட்டு வாரம் ஆகியிருக்கும். மகள் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள், துணி மாற்றுகிறாள், தூளியை ஆட்டுகிறாள். குழந்தையின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுவது மட்டும் இல்லை. ராத்திரி குழந்தை தூங்கினாலும் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. என்னம்மா என்று கேட்டால் அழுகை. இந்த இடத்தில் வீட்டில் ஆளுக்கொரு கருத்து கிளம்பும். "பச்ச உடம்பு, கொஞ்ச நாள் விட்டால் சரியாயிடும்" என்பார் அம்மா. டாக்டரிடம் காட்டிவிடலாம் என்பார் கணவர். மாத்திரை சாப்பிட்டால் குழந்தைக்குப் பால் ஆகாதே என்பார் மாமியார். கவுன்சலிங் போயேன் என்பாள் கூடப் படித்த தோழி. எது நல்லது என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் இந்த நான்குக்கும் நடுவில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

எது நல்லது என்பதற்கு முன்னால் எதற்கு நல்லது என்று கேட்க வேண்டும். இங்கே இருப்பது இரண்டு பிரச்சினை. ஒன்று, தாயின் மனநிலை. இன்னொன்று, தாய்க்கும் குழந்தைக்கும் நடுவில் நடக்க வேண்டிய கொடுக்கல் வாங்கல் குறைந்துபோயிருப்பது. முதலாவது சரியானால் இரண்டாவது தானாகச் சரியாகிவிடும் என்று நாம் எல்லோருமே நினைக்கிறோம். ஆய்வுகள் அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. நான்கு வழிகளையும் இந்த இரண்டையும் வைத்தே பார்க்கப் போகிறேன்.

## தேர்வுக்கே இடமில்லாத நேரம்

தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வருகிறது என்றால், இல்லாத குரல் கேட்கிறது என்றால், இரண்டு மூன்று நாளாகத் தூங்காமலே பரபரப்பாக இருக்கிறாள், குழந்தையைப் பற்றி விசித்திரமாகப் பேசுகிறாள் என்றால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு என்பது ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் வருவது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தலைகாட்டும். காற்று, கருப்பு என்று தர்காவுக்கும் கோயிலுக்கும் அலைந்து தொலைக்க அதில் நாள் கிடையாது. வேண்டுதலைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு நேர் எதிர்முனையில், பிரசவமான மூன்றாம் நான்காம் நாளில் வரும் அழுகை. பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு இது வரும், இரண்டு வாரத்துக்குள் போய்விடும். இதற்கு வைத்தியம் வேண்டாம், ஆள்துணை போதும். இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை என்றால்தான் கீழே உள்ள கணக்கு.

எந்தப் பக்கம் என்று தெரியவில்லையா? எடின்பரோ கேள்வித்தாள் என்று ஒன்று 1987இல் வந்தது. பத்துக் கேள்வி, போன ஏழு நாளைப் பற்றி, மொத்தம் 30 மதிப்பெண். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக் குழு சோதித்துப் பார்த்த தமிழ் வடிவமும் இருக்கிறது. 10 வந்தாலே மருத்துவரிடம் பேசுவது நல்லது. 13 வந்தால் தள்ளிப்போட வேண்டாம். பத்தாவது கேள்வி தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் பூச்சியம் தவிர எது வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், உடனே பேசுங்கள். இது நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை அல்ல, யாரை மருத்துவர் பார்க்க வேண்டும் என்று பிரித்துக் காட்டுவது மட்டும்தான்.

## குழந்தைக்கு உண்மையில் என்ன குறைகிறது

அளவுகோலைச் சொல்வதற்கு முன் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடுவோம். இது புரியாமல் தேர்வு செய்தால் பாதிப் பிரச்சினை கண்ணிலேயே படாது.

எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் ஒரு எளிய சோதனை செய்தார். தாய் தன் கைக்குழந்தையோடு வழக்கம்போலக் கொஞ்சிப் பேசுவார். பிறகு சில நிமிடம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் குழந்தையைப் பார்த்தபடி சும்மா இருப்பார். குழந்தை முதலில் சிரிக்கும், ஙா சொல்லும், கையை நீட்டும். பலிக்கவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், சிணுங்கும். சில மாதக் குழந்தைக்கே எதிரில் இருப்பவர் முகத்தில் பதில் இல்லை என்பது தெரிகிறது என்பதுதான் அதில் கண்டது. அவரே சொன்ன இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மனச்சோர்வே இல்லாத தாயும் சேயும்கூட எப்போதும் ஒத்திசைந்து இருப்பதில்லை. நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இசைவு இருக்கும். மீதி நேரம் தப்பிப்போவதும் திரும்பச் சேர்வதும். திரும்பச் சேர்வதில்தான் விஷயம் இருக்கிறது. ஆகவே, நீங்களே அந்தத் தாய் என்றால், குழந்தையோடு நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. குழந்தையும்தான்.

அமெரிக்க உளவியலாளர் டிஃபனி ஃபீல்டும் அவர் குழுவும் மனச்சோர்வுள்ள தாய்மாரிடம் இரண்டு விதம் கண்டார்கள். ஒரு விதம் ஒதுங்கிப்போவது: பேச்சு குறைவு, தொடுவது குறைவு, குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. இன்னொரு விதம் அவசரம்: குழந்தை முகத்தைத் திருப்பினாலும் தாடையைப் பிடித்து இழுப்பது, கிச்சுகிச்சு மூட்டுவது, கையை ஆட்டிவிடுவது, சத்தமாகப் பேசுவது. முதல் விதம் வீட்டார் கண்ணில் படும். இரண்டாவது படாது. "எவ்வளவு கொஞ்சுறா பாருங்க" என்றுகூடச் சொல்வார்கள். முகத்தைத் திருப்பும் குழந்தை கொஞ்சம் இளைப்பாறிக்கொள்கிறது. தாய்க்கு அது தன்னைப் பிடிக்கவில்லை என்று படுகிறது, அதனால் இன்னும் வேகமாகக் கொஞ்சுகிறாள். இருவரும் களைத்துப்போகிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது நான்கு. மனம் தேற எவ்வளவு நாளாகும்? தாய்-சேய்க் கொடுக்கல் வாங்கல் மாறுமா? நம் ஊரில் கையெட்டும் தூரத்தில் கிடைக்குமா? வெளியே தெரியாமல் என்ன செலவு வைக்கும்? கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. செலவு என்றால் பணம் மட்டும் இல்லை.

## தாய்வீடு, ஓய்வு, பொறுத்திருத்தல்

வளைகாப்பு முடிந்து தாய்வீடு போவது, பத்தியச் சாப்பாடு, வீட்டு வேலை கிடையாது, குழந்தையைப் பார்க்க நாலு கை. பல நாட்டுத் தாய்மாருக்குக் கிடைக்காத ஏற்பாடு இது. வேலூர்க் குழு தமிழ்நாட்டுக் கிராமங்களில் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். ஆபத்தைக் கூட்டியவை என்று அதில் வந்தவற்றைப் பாருங்கள்: வறுமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உரசல், கர்ப்பகாலத்தில் நடந்த கெட்ட சம்பவங்கள், கைவேலைக்கு ஆள் உதவி இல்லாதது. ஆள் உதவி என்பது சும்மா வசதிக்கான விஷயம் இல்லை என்று இதில் தெரிகிறது. பெற்றோரோடு உரசல் என்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. தாய்வீடு எல்லோருக்கும் தாய்வீடாக இருந்துவிடுவதில்லை.

குழந்தைக்கும் இதில் நல்லது உண்டு. சோர்வுள்ள தாயிடம் மந்தமாக இருக்கும் குழந்தை, சோர்வில்லாத அப்பாவிடமும் மற்றவர்களிடமும் சுறுசுறுப்பாகப் பதில் கொடுக்கிறது என்று ஃபீல்டின் குழுவே கண்டது. பாட்டியின் கொஞ்சல் அந்த நேரத்தில் குழந்தைக்குப் பெரிய பாதுகாப்பு.

மறைவான செலவும் அங்கேதான். நாலு கை இருக்கும்போது குழந்தை தாயின் கையை விட்டே போய்விடும். குளிப்பாட்டுவது பாட்டி, தூங்கவைப்பது சித்தி, தாய் பால் கொடுக்க மட்டும். "நீ போய்ப் படும்மா" என்பது அன்புதான். அவள் காதில் "உன்னால் ஆகாது" என்று விழும். இன்னொரு செலவு, நாள். லேசான சோர்வுக்கு இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கலாம். இரண்டு மாதம் பொறுப்பது குழந்தையின் வயதில் பெரிய பங்கு.

ஓய்வு என்று சொல்லும்போது நான் முதலில் கேட்பது தூக்கம். ராத்திரி ஒரு முறை பாலைப் பீய்ச்சி வைத்தோ வேறு ஏற்பாடு செய்தோ, அவளுக்கு இடைவிடாமல் நாலைந்து மணி நேரத் தூக்கம் கிடைக்கச் செய்தால் அது பெரிய உதவி. கூடவே ரத்தசோகையும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு கோளாறு வருவது அபூர்வம் இல்லை. அதன் அசதி மனச்சோர்வு மாதிரியே இருக்கும்.

## பேச்சு சிகிச்சை

லேசான, நடுத்தரச் சோர்வுக்கு இதுதான் பல நாடுகளில் முதல் படி. எண்ணப்போக்கை மாற்றும் சிகிச்சை, உறவுச் சிக்கல்களைக் கையாளும் சிகிச்சை என்று பல வகை உண்டு. பொதுவாக வாரம் ஒரு முறை, சில மாதம்.

படித்த உளவியலாளர்தான் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. மனநல மருத்துவர் அதிஃப் ரஹ்மானும் குழுவினரும் பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பக்கக் கிராமங்களில், நம் கிராம சுகாதாரச் செவிலியர் மாதிரி வீடு வீடாகப் போகும் பெண் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 903 தாய்மார். குழந்தைக்கு ஆறு மாதமானபோது, பயிற்சி பெற்றவர்கள் போய்ப் பார்த்த குழுவில் 23 சதவீதம் பேருக்கும், மற்ற குழுவில் 53 சதவீதம் பேருக்கும் சோர்வு நீடித்தது. 2008இல் வந்த முடிவு இது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் அந்தக் கையேட்டையே வெளியிட்டது. கோவாவில் அதே முறையை அக்கம்பக்கத்துப் பெண்களை வைத்துச் செய்து பார்த்ததில் பலன் குறைவு, ஆனால் இருந்தது. ராவல்பிண்டி முறையில் எனக்குப் பிடித்தது, தாயின் உடல்நலம், குழந்தையோடு உறவு, சுற்றியுள்ளவர்களோடு உறவு என்று மூன்றையும் பேசுவது. அந்த வீடுகளில் பெற்றோர் குழந்தையோடு விளையாடும் நேரமும் கூடியிருந்தது.

குழந்தையைத் தொடாத பேச்சு சிகிச்சையில் கதை வேறு. அமெரிக்காவின் அயோவாவில் 12 வாரம் உறவுச் சிக்கல்களைக் கையாளும் சிகிச்சை பெற்ற தாய்மாருக்குச் சோர்வு குறைந்தது. குழந்தைக்கு ஒன்றரை வயதானபோது பார்த்தால், சோர்வே இல்லாத தாய்மாரைவிட அவர்கள் தங்கள் குழந்தையின் ஒட்டுதலையும் (தாயை நம்பி நெருங்குவது) குணத்தையும் தாழ்வாகவே மதிப்பிட்டார்கள். 2007இல் வந்த அந்தக் கட்டுரையின் தலைப்பே, சோர்வுக்கான சிகிச்சை மட்டும் தாய்-சேய் உறவுக்குப் போதாது என்பதுதான்.

மறைவான செலவு: போகவர, காத்திருக்க, கைக்குழந்தையோடு அரை நாள். கூடப் போகும் ஆளுக்கும் அரை நாள். அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் வாயே திறக்கமாட்டாள் என்பது இன்னொன்று. தனியே பேச விட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நேரில் போக முடியாதவர்கள் மத்திய அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தொடக்கத்துக்கு நல்லது, முழுச் சிகிச்சைக்கு ஈடாகாது.

## மாத்திரை

மாமியார் பயப்படும் இடத்துக்கு முதலில் வருவோம். பால் கெட்டுவிடாது. செர்ட்ராலின் என்ற சோர்வு மருந்து தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கிறது, பல குழந்தைகளின் ரத்தத்தில் கண்டுபிடிக்கவே முடிவதில்லை. அதனால்தான் பாலூட்டும் தாய்க்கு மருத்துவர்கள் முதலில் அதை எடுக்கிறார்கள். குறைமாதக் குழந்தை, உடம்பு சரியில்லாத குழந்தை என்றால் குழந்தை மருத்துவரையும் கேட்டுக்கொள்வது முறை. மருந்துக்காகப் பாலை நிறுத்துவது, பாலுக்காக மருந்தை நிறுத்துவது, இரண்டுமே பெரும்பாலும் தேவையில்லாத தியாகம்.

நடுத்தரத்துக்கு மேல் போன சோர்வுக்கும், பேச உட்காரவே தெம்பில்லாத நிலைக்கும், முன்பே மருந்தில் குணமானவர்களுக்கும் இதுதான் சரியான தொடக்கம். இரண்டு முதல் நான்கு வாரத்தில் மாற்றம் தெரியத் தொடங்கும், முழுப் பலனுக்கு ஆறு வாரம்கூட ஆகலாம். அமெரிக்காவில் 2023இல் ஜுரனலோன் என்று பதினான்கு நாள் மாத்திரை ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது, செய்தியில் படித்திருப்பீர்கள். நம் மாவட்ட மருத்துவமனையில் கேட்க வேண்டியது அது இல்லை. பழைய மாத்திரைகளே போதும், அரசு மருத்துவமனையில் இலவசம்.

மறைவான செலவுகள் இரண்டு. தேறியதும் நிறுத்திவிடும் ஆசை ஒன்று. குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், நடுவில் விட்டால் திரும்ப வரும். இரண்டாவது, மருத்துவரிடம் சொல்லாமல் விடும் குடும்பக் கதை. அவளுக்கோ ரத்த உறவில் யாருக்கோ எப்போதாவது அளவுமீறிய உற்சாகம், தூக்கமில்லாத பரபரப்பு வந்ததுண்டு என்றால் சொல்லியே ஆக வேண்டும். இருமுனைக் கோளாறு, அதாவது அந்த உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் நோய், இருப்பவருக்குச் சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மறுமுனைக்குத் தள்ளிவிடலாம். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று இதை மறைக்கிறவர்கள் உண்டு.

குழந்தையோடான உறவு? மாத்திரை அவளுக்குத் தெம்பு தரும். தெம்பு வந்த பிறகு என்ன செய்வது என்று அது சொல்லித்தராது.

## தாய்-சேய்ப் பயிற்சி

இதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். பயிற்சியாளர் தாயும் குழந்தையும் விளையாடுவதைச் சில நிமிடம் வீடியோ எடுப்பார். பிறகு கூட உட்கார்ந்து, குழந்தை தாயைப் பார்த்துத் திரும்பிய இடத்தில், சிரித்த இடத்தில் நிறுத்திக் காட்டுவார். "என் குழந்தைக்கு என்னைப் பிடிக்கவில்லை" என்று நம்பிக்கொண்டிருப்பவளுக்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் அருகே காயலிட்ஷா என்ற ஏழை மக்கள் குடியிருப்பில் 449 பெண்களோடு நடந்த ஆய்வு 2009இல் வந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலிருந்து குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை வீட்டுக்கு வந்து, குழந்தை என்ன சொல்கிறது என்று கவனிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். தாய்மார் குழந்தையின் குறிப்பை அறிந்து நடப்பது கூடியது, அவசரம் குறைந்தது. ஒன்றரை வயதில் பாதுகாப்பான ஒட்டுதல் உள்ள குழந்தைகள் 74 சதவீதம், மற்ற குழுவில் 63. ஆனால் மனச்சோர்வு நோய் உள்ள தாய்மாரின் விகிதம் சொல்லும்படி குறையவில்லை. அயோவாவைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட முடிவு இது.

எதிர்ச்சாட்சியும் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் நீடித்த சோர்வுள்ள 144 தாய்மாருக்கு எண்ணப்போக்குச் சிகிச்சை கொடுத்து, பாதிப் பேருக்கு வீடியோப் பயிற்சியும் மீதிப் பேருக்குத் தசைத் தளர்வுப் பயிற்சியும் சேர்த்தார்கள். 2018இல் வந்த முடிவில் இரண்டு குழுவிலும் சோர்வு நன்றாகக் குறைந்தது, இரண்டு வயதில் குழந்தைகளும் இரு பக்கமும் நன்றாகவே இருந்தார்கள். வீடியோவால் கூடுதல் பலன் தெரியவில்லை. நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: சோர்வுக்கு நல்ல, விடாத சிகிச்சை கிடைத்தால் தனிப் பயிற்சி இல்லாமலும் குழந்தை தேறலாம். அந்த அளவு சிகிச்சை கிடைக்காத இடத்தில் இதைச் சேர்ப்பதற்கு மதிப்பு அதிகம். நம் ஊர் எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீடியோப் பயிற்சி தருபவரைப் பெரிய ஊரிலும் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் வீட்டிலேயே செய்யக்கூடியவை உண்டு. லண்டனில் 34 தாய்மாரோடு நடந்த சிறிய ஆய்வில், ஐந்து வாரம் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும் வகுப்புக்குப் போனவர்களிடம் குழந்தையோடான உறவாடல் தேறியது. நம் வீடுகளில் இது தினம் நடக்கிறது, காலை நீட்டி உட்கார்ந்து செய்பவர் மட்டும் பாட்டி. அந்த வேலையைத் தாய்க்கு விட்டுக்கொடுங்கள். பாட்டி பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கட்டும். (மூக்கில் எண்ணெய் விடுவதும் தலையை அழுத்தி உருட்டுவதும் வேண்டாம்.)

அவசரப்படும் தாய்க்கு ஒரே ஒரு யோசனை: குழந்தை செய்வதை மட்டும் திருப்பிச் செய்வது. அது ஙா என்றால் நீங்களும் ஙா. அது சும்மா இருந்தால் நீங்களும் சும்மா. ஒதுங்கும் தாய்க்கு வேறு: பால் கொடுத்து முடித்த பிறகு ஐந்து நிமிடம், போன் இல்லாமல், குழந்தையின் கண்ணைப் பார்த்து நடந்ததைச் சொல்வது. குரலில் ஏற்ற இறக்கம் வராவிட்டால் பரவாயில்லை.

மறைவான செலவு, குற்ற உணர்ச்சி. "குழந்தையோடு சரியாகப் பழகு" என்று சோர்வில் கிடக்கிறவளிடம் சொன்னால் இன்னொரு பாரம்தான் ஏறும். மனம் கொஞ்சம் தேறிய பிறகு, அல்லது மருந்தோ பேச்சோ ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் சேர்ப்பதே நல்லது.

## ஒரே பார்வையில்

| வழி | மனம் தேறுவது | குழந்தையோடு உறவு | கிடைப்பது | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| தாய்வீடு, ஓய்வு | லேசானதற்கு மட்டும் | பாட்டி ஈடுகட்டுவார், தாய் விலகலாம் | வீட்டிலேயே | கைநழுவும் மாதங்கள் |
| பேச்சு சிகிச்சை | சில மாதம் | குழந்தையையும் பேசினால் மாறும் | நகரங்களில், போனில் | அலைச்சல், தனிமை கிடைக்காதது |
| மாத்திரை | 2 முதல் 6 வாரம் | நேரடியாக இல்லை | மாவட்ட மருத்துவமனை | நடுவில் நிறுத்துவது |
| தாய்-சேய்ப் பயிற்சி | குறைவு | அதிகம் | அரிது, பாதி வீட்டில் முடியும் | குற்ற உணர்ச்சி |

அட்டவணையில் வராத ஐந்தாவது ஒன்று உண்டு: தாயையும் குழந்தையையும் சேர்த்தே உள்நோயாளியாக வைத்துப் பார்க்கும் பிரிவு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009 முதல் இருக்கிறது. கடும் சோர்வுக்கும் மனப்பிறழ்வுக்குமான இடம். அங்கே முடியாமல் வேறு மருத்துவமனையில் சேர்த்தாலும், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆபத்து இருந்தால்தான் விலக்கு. சேர்க்கும்போதே இதைக் கேளுங்கள்.

## யாருக்கு எது

கேள்வித்தாளில் மதிப்பெண் 10ஐ ஒட்டி, சாப்பிடுகிறாள், சமயத்தில் சிரிக்கிறாள் என்றால்: மருத்துவரிடம் ஒரு வார்த்தை, தாய்வீட்டு உதவியும் தூக்கமும், எண்ணெய் தேய்ப்பது அவள் கையில், இரண்டு வாரம் கழித்து மறுபடி கேள்வித்தாள். குறையவில்லை என்றால் பேச்சு சிகிச்சை.

13 அல்லது அதற்கு மேல், தினசரி வேலையே முடியவில்லை என்றால்: மனநல மருத்துவர், பெரும்பாலும் மாத்திரை, முடிந்தால் பேச்சும். தேறும் வரை குழந்தையோடு பேசிச் சிரிக்கும் பொறுப்பு அப்பாவுக்கும் பாட்டிக்கும். அப்பா என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சோர்வுள்ள தாயின் குரலைக் கேட்டுக் கற்றுக்கொள்ளாத குழந்தைகள், சோர்வில்லாத வேறு தாயின் கொஞ்சலிலும் அப்பாவின் கொஞ்சலிலும் கற்றுக்கொண்டதாக அமெரிக்காவில் பீட்டர் கேப்லன் குழு காட்டியிருக்கிறது. வார இறுதியில் மட்டும் வந்து போகும் அப்பா இந்தச் சில மாதம் கூடுதலாக வரப் பார்க்கலாம்.

மனம் தேறிவிட்டது, மதிப்பெண்ணும் இறங்கிவிட்டது, குழந்தையோடு மட்டும் ஒட்டவில்லை என்றால்: இங்கேதான் தாய்-சேய்ப் பயிற்சிக்கு முதலிடம். மாத்திரையைக் கூட்டச் சொல்லிக் கேட்காதீர்கள்.

இன்னொன்று, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு கணவர் வீட்டுக்குக் கிளம்பும் நாள். இரண்டாம் மாதம் சிகிச்சை தொடங்கியிருந்தால், நன்றாகத் தேறியிருக்கும் நேரமும் மருந்தை விடவே கூடாத நேரமும் சரியாக அப்போதுதான் வரும். மாமியார் வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிடும் ஏற்பாடு நாலு நாள்கூட நிற்காது. கிளம்புவதற்கு முன் ஒரு முறை கணவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். மருந்துச் சீட்டு, அந்த ஊரில் பார்க்க வேண்டிய மருத்துவர், ராத்திரி யார் எழுந்திருப்பது, குழந்தையை யார் குளிப்பாட்டுவது, இந்த நான்கும் அன்றைக்கே முடிவாகட்டும்.